சம்பல் போத்தலுக்கு யார் பெயர்

என்னை முதலாளி ஆக்கியது என் திறமை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வரிதான் ஆக்கியது. தன் தலையில் விழ இருந்த வரியை என் தலைப் பக்கம் திருப்பிவிடுவதற்காக, என் கணவர் நன்றாக யோசித்து, கண்டியில் ஒரு கணக்காளரிடம் ஆலோசனையும் கேட்டு, என்னை முதலாளி ஆக்கினார். என் தலையில் விழுந்தால் வரி வலிக்காது என்பது அவர்களுடைய கணக்கு. கணக்கு சரிதான். மற்றதெல்லாம்தான் பிழையாகிப் போனது.

மடவளையில் அவருக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. ஆணி, பெயின்ட், பைப், தகரம், சீமெந்து. அவருடைய வாப்பா, அதாவது என் மாமா, தொடங்கிய கடை. பெயரை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் விளம்பரம் என்பார்கள். மாமாவின் பெயரில் தொடங்கி 'அன்ட் சன்ஸ்' என்று முடியும் என்பது தெரிந்தால் போதும். மாமாவுக்கு இருந்ததோ ஒரே ஒரு பிள்ளை, அது இவர். அப்படியானால் அந்த மற்றச் சன்ஸ் எங்கே என்று கலியாணமான புதிதில் கேட்டேன். பலகை எழுதுகிறவன் எல்லாக் கடைக்கும் அப்படித்தான் எழுதுவான் என்று பதில் வந்தது. பிறகு எங்களுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள், பலகை பொய் சொல்லவில்லை என்று இவருக்குப் பரம திருப்தி. இப்போது இரண்டு பேரும் கட்டாரில் இருக்கிறார்கள். கடைக்குத் திரும்பி வருகிற எண்ணம் இரண்டு பேருக்கும் இல்லை.

நான் சீனிச் சம்பல் செய்கிறவள். வெங்காயத்தை மெல்லிசாக வெட்டி, மாசிக் கருவாடு இடித்து, செத்தல் மிளகாய், கறுவா, ஏலம், ரம்பை எல்லாம் போட்டு, தாச்சியில் நின்று நிதானமாகக் கிண்டி இறக்க வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு அது வராது. எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போன எந்தப் பிள்ளையும் என் சம்பல் போத்தல் ஒன்று பெட்டியில் இல்லாமல் விமானம் ஏறியதில்லை. விலை ஒன்றும் கிடையாது. ஆனால் கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறதல்லவா, அதனால் என் போத்தல்கள் பேரீச்சம்பழமும் பாதாமும் சவர்க்காரமும் தைலமுமாகத் திரும்பி வரும். ஒரு கட்டத்தில் எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்த தைலத்துக்கு மடவளை முழுக்கத் தலைவலி வந்தாலும் தாக்குப் பிடித்திருக்கும்.

அந்த மாதிரிப் போன போத்தல் ஒன்று கண்டி நகரத்தில் ஒரு பெரிய பலசரக்குக் கடையின் முகாமையாளர் வாயில் பட்டிருக்கிறது. அவர் ஆள் விட்டு விசாரித்து, எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தார். வாரா வாரம் போத்தல் எடுத்துக்கொள்கிறோம், ஆனால் வியாபாரப் பதிவு வேண்டும், வரி இலக்கம் வேண்டும், பில் போட வேண்டும் என்றார். அன்றிரவு என் கணவர் சோற்றோடு சம்பலைத் தொட்டு வாயில் வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினார். கலியாணமான நாளிலிருந்து உப்புக் கூடிப் போச்சு, இனிப்புக் கூடிப் போச்சு என்பதைத் தவிர வேறு சொல் சொல்லாத வாய் அது.

அடுத்த கிழமையே என்னையும் கூட்டிக்கொண்டு கணக்காளரிடம் போனார். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மாடியில் கந்தோர் வைத்திருக்கிற யாழ்ப்பாணத்து ஐயா அவர். திருநீறு, கண்ணாடி, மேசை நிறையக் கோப்பு. கடைக் கணக்கை வருடா வருடம் அவர்தான் வரிக்கு ஒப்பேற்றிக் கொடுப்பார். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு இவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஓம், நல்ல யாவாரம்தான். ஆனா உங்கட பேரில போடாதேங்கோ. உங்கட கணக்கு ஏற்கெனவே நிரம்பிப் போச்சு, இதையும் போட்டா அவ்வளவுக்கும் வரி விழும். மனிசியின்ர பேரில போடுங்கோ. அவவுக்கு வேற வருமானம் இல்லைத்தானே. ஒரு அளவு வருமானம் வரைக்கும் வரியில்லை, அந்தப் பங்கு அவவுக்கு அப்பிடியே கிடக்குது."

அப்படியே கிடக்கிற பங்கு ஒன்று எனக்கு இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது. வருடா வருடம் அரசாங்கம் எனக்காக ஒதுக்கி வைத்து, நான் தொடாமல், அது வீணாகவே போயிருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவரோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மகிழ்ச்சியில் இருந்தார். பஸ்ஸில் வரும்போது, நான் பயந்துவிடுவேனோ என்று நினைத்தாரோ என்னவோ, இதெல்லாம் சும்மா பேருக்குத்தான், வேலையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறுதல் தேவைப்படவே இல்லை.

சண்டை வந்தது பெயரில். பதியும்போது வியாபாரத்துக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும், அதுதான் போத்தலிலும் வரும். அவர் கடையின் பெயரையே போடுவது என்று முடிவு கட்டி, லேபல் அடிக்கிறவரிடம் எழுத்தின் அளவுகூடப் பேசி வைத்திருந்தார். ஆணியும் பெயின்டும் விற்கிற பெயரைச் சம்பலில் ஒட்டினால் தின்கிறவனுக்குத் துரு வாசம் அடிக்காதா என்று கேட்டேன். என் பெயர் வருகிற மாதிரி நான் மனதில் ஒரு பெயர் வைத்திருந்தேன். எத்தனையோ வருடம் வெங்காயம் வெட்டி அழுத கண் என்னுடையது, எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்றேன். அவர் சத்தம் போடுவார் என்று பார்த்தால் போடவில்லை. சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

"கட என்னோட முடிஞ்சிரும். புள்ளைகள் வரப் போறல்ல. போத்தல்லயாச்சும் வாப்பாட பேர் ஓடட்டுமே."

சண்டைக்கு வந்தவர் சண்டை பிடிக்காமல் கெஞ்சினால் எனக்குக் கை ஓடாது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. அந்தக் கடைக்கு நான் எத்தனை வருடம் பகல் சாப்பாடு அனுப்பியிருக்கிறேன், எந்தப் பலகையில் என் பெயர் இருக்கிறது? பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனேன்.

பிறகு கடதாசிகள் சேர்க்கிற காலம். வியாபாரம் நடக்கிற இடம் யாருடையது என்று காட்ட உறுதிப் பத்திரம் வேண்டும். வீடு என்னுடையது, சீதனமாக என் வாப்பா என் பெயருக்கு எழுதித் தந்தது. வேறொருவர் வீடென்றால் வீட்டுக்காரரிடம் சம்மதக் கடிதம் வாங்க வேண்டுமாம். எனக்கு நானே சம்மதம் கொடுத்துக்கொண்டேன், அதற்கும் ஒரு நாள் யோசிப்பதாகச் சொல்லி அவரைக் காக்க வைத்தேன்.

அடுத்தது கிராம சேவகரின் அறிக்கை. இடத்தில் உண்மையாகவே வியாபாரம் நடக்கிறதா என்று அவர் வந்து பார்க்க வேண்டும். சிங்களவர், நல்ல மனிதர், சொன்ன நாளுக்கு ஒரு நாள் முந்தியே வந்துவிட்டார். அன்றைக்கு எனக்கு உதவிக்கு வருகிற பெண் வரவில்லை. அதனால் இவரைத்தான் வெங்காயம் உரிக்க உட்கார வைத்திருந்தேன். கேற்றைத் திறந்து வந்த கிராம சேவகர், முற்றத்தில் கண்ணீர் வழிய உட்கார்ந்திருக்கிற இவரைக் கண்டதும் சட்டென்று நின்று, வீட்டில் யாரும் தவறிவிட்டார்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இல்லை ஐயா, பிஸ்னஸ் என்றார். அறிக்கை உடனே கிடைத்தது. தொழில் நடப்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? போகும்போது அவருக்கு ஒரு போத்தல் கொடுக்கப் போனேன், பதிவு முடியும் வரைக்கும் வேண்டாம், முடிந்த பிறகு காசு கொடுத்து வாங்குகிறேன் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு இவர் கக்கத்தில் வைத்துக்கொண்டார், பிரதேச செயலகத்துக்குப் போனோம். வியாபாரப் பதிவு மேசையில் இருந்தது ஒரு மலையகத்துப் பிள்ளை. புசல்லாவைப் பக்கமாம், தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறாளாம். வாங்கம்மா, ஒக்காருங்க என்று எனக்குக் கதிரை காட்டினாள். அவள் என்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் பக்கத்தில் நின்று இவர் பதில் சொன்னார். என் விலாசத்தை அவர் சொன்னார். என் அடையாள அட்டை இலக்கத்தை அவர் வாசித்தார். என் தொழில் என்ன என்று கேட்டபோது வாயைத் திறந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். சம்பல் செய்கிறது என்று நானே சொன்னேன். வியாபாரப் பெயர் என்று கேட்டாள். நான் மூச்சை இழுப்பதற்குள் கடைப் பெயரைத் தெளிவாக, அன்ட் சன்ஸ் வரைக்கும், அவர் சொல்லி முடித்துவிட்டார்.

பிள்ளை கணினியைத் தட்டிப் பார்த்தாள். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பதிவு இருக்கிறதே என்றாள். இவருக்கு முகம் மலர்ந்தது.

"அது எங்கட கடதான் மகள். அந்தக் காலத்துக் கட. மடவளையில ஆரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

அப்படியென்றால் பிரச்சினையில்லை, அந்தப் பெயரை இந்த அம்மா பாவிக்க எனக்கு ஆட்சேபனை இல்லை என்று அந்தக் கடையின் உரிமையாளர் ஒரு கடிதம் தந்தால் போதும் என்றாள். உரிமையாளர் நான்தானே, பேனை கொடுங்கள், இப்போதே எழுதுகிறேன் என்றார் இவர். பிள்ளை மறுபடி திரையைப் பார்த்தாள், இவருடைய அடையாள அட்டையைப் பார்த்தாள். உரிமையாளர் என்று இருக்கிறது வேறு பெயராயிற்றே என்று என் மாமாவின் பெயரை வாசித்தாள். அது வாப்பா என்றார் இவர்.

"அப்ப அவங்க வந்துதான் கையெழுத்துப் போடணுங்கய்யா."

"அவங்க வர மாட்டாங்க."

"ஏங்க, ஒடம்புக்கு முடியலைங்களா?"

"மௌத்தாகிக் கன காலம்."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பிள்ளையும் உதட்டைக் கடித்துக்கொண்டு மேசையில் எதையோ தேடினாள். இவர் மட்டும் விளங்காமல் நின்றார்.

நடந்தது இதுதான். கடையில், காசு மேசைக்கு நேர் மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டு மாமாவின் பதிவுச் சான்றிதழ் தொங்குகிறது. மாமா காலமான பிறகும் அது அங்கேயே தொங்கியது. இவர் வருடா வருடம் பிரதேச சபைக்கு வியாபார உரிமக் கட்டணம் கட்டினார், தன் பெயரில் வரிக் கோப்புத் திறந்து ஒழுங்காக வரி கட்டினார், ஆகவே கடை தன்னுடையது என்று நம்பினார். உரிமையாளர் இறந்துவிட்டார் என்று பதிவகத்துக்கு யாரும் சொல்லவில்லை. மாற்றச் சொல்லி ஒருவர் அந்தக் காலத்தில் புத்தி சொன்னதும், வாப்பாவின் பெயரை வெட்டச் சொல்கிறாயா என்று இவர் அந்த மனிதரோடு பெருநாள் வரைக்கும் பேசாமல் இருந்ததும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஹஜ் போகவும் காணி வாங்கவும் ஓடித் திரிகிற எங்கள் ஆட்கள், வாப்பாமாரின் பெயரை ஒரு கடதாசியிலிருந்து எடுக்க மட்டும் கை வைக்க மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு. அதனால் கண்டியைச் சுற்றி எத்தனையோ கடைகளை இன்றைக்கும் மையவாடியில் அடங்கி இருக்கிறவர்கள்தான் நடத்துகிறார்கள்.

வேறு பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பிள்ளை இப்போது என்னைப் பார்த்துக் கேட்டாள். இருந்தது. சொன்னேன். அந்தப் பெயரில் வேறு எவருடைய பதிவும் இருக்கவில்லை. இவர் கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நோட்டீசை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் நல்ல பெண்ணாக நடந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. கடைக்குப் போக அவர் தொப்பியை எடுத்தால், முதலாளிக்கு ஸலாம் சொன்னதாகச் சொல்லுங்கள் என்பேன். பிந்தி வந்தால், ஓவர் டைம் போட்டாரா ஒங்கட வாப்பா என்பேன். இருந்திருந்து கிடைத்த வாய்ப்பு, விட முடியுமா? மாமா என்னை மகளாகப் பார்த்த மனிதர், அவருக்கும் இது சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். இவர் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. அதுதான் முதலில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். பதிலுக்குப் பதில் சொல்லாமல் சோறு தின்கிற ஆள் இல்லை அவர்.

என் பதிவுச் சான்றிதழ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வரி இலக்கத்துக்காகத் திரும்பவும் கணக்காளர் ஐயாவின் மாடிக்கு ஏறினோம். அது இணையத்தில் செய்கிற வேலை. ஐயாவின் கந்தோரில் இருந்த பெண் என் அடையாள அட்டை, சான்றிதழ் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினாள். என் போனுக்கு ஓர் இரகசிய எண் வரும், வந்தவுடன் சொல்ல வேண்டும் என்றாள். போனைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது கட்டாரிலிருந்து மகனின் செய்தி, உம்மா சாப்பிட்டீங்களா என்று. வாய் தவறி அதையும் சத்தமாக வாசித்துவிட்டேன். பிறகு எண்ணும் வந்தது, விண்ணப்பமும் போனது. ஐயா எனக்குச் சில புத்திமதி சொன்னார். வெங்காயம் வாங்கினாலும் பில் எடுக்க வேண்டும், வீட்டுச் செலவையும் வியாபாரச் செலவையும் கலக்கக் கூடாது, வரி வராவிட்டாலும் வருடா வருடம் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும். போத்தலுக்குப் பதிலாகத் தைலம் வந்தால் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கேட்டேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இனிமேல் தைலம் வாங்காதேங்கோ என்றார்.

எல்லாம் முடிந்த பிறகு ஐயா இவர் பக்கம் திரும்பினார். கடைப் பதிவு விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார், கேள்விப்பட வைத்தது நான்தான். இப்படியே விடக் கூடாது, வங்கிக் கடன் ஒன்று எடுக்கப் போனாலும் மாட்டிக்கொள்வீர்கள், பழையதை வெட்டிவிட்டுப் புதிதாகப் பதியுங்கள் என்றார். பிறகு, உங்கள் பெயரில் வேறு என்னென்ன சொத்து இருக்கிறது, கோப்பில் சரிபார்க்க வேண்டும் என்று பேனையைத் திறந்தார். இவர் யோசித்து யோசித்துச் சொன்னார். வீடு மனைவியின் பெயரில். வேன் மூத்த மகனின் பெயரில், அவன் அனுப்பிய காசில் வாங்கியது. கடை வாப்பாவின் பெயரில். சம்பல் மனைவியின் பெயரில். பிறகு விரல்களை மடக்கி இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார்.

"என்ட பேர்ல ஈக்கிறது இந்த வரி இலக்கம் மட்டும்தான் போல."

ஐயா வாய்விட்டுச் சிரித்தார், கந்தோர்ப் பெண் சிரித்தாள், நானும் சிரித்தேன். இவரும் சிரிப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

மடவளை பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் பக்க இடம் கிடைத்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும் வரைக்கும் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் குனிந்து, என்ன முதலாளி, கண்டிப் பயணமா என்று விசாரித்தார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த ஆள் இறங்கிய பிறகு, என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

"நான் மௌத்தானா வெட்டுறதுக்கும் என்ட பேர் எங்கயும் இல்ல."

இந்த மனிதர் சுபஹு தொழுதுவிட்டுக் கடை திறந்து, எத்தனை பேருடைய வீட்டுக்குக் கூரைத் தகரம் கடனுக்குக் கொடுத்து, இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்து அனுப்பினார். எல்லாவற்றையும் வாப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு செய்திருக்கிறார். என் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை என்று நான் அவரோடு சண்டை பிடித்தேன். அவருடையதும் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாமல் இருந்திருக்கிறது. வாப்பாவைப் பற்றிய பகிடியை அன்றோடு நிறுத்தினேன். பகிடிக்கு வேறு விஷயமா இல்லை.

கடையைப் புதிதாகப் பதிகிற வேலையை நான்தான் துரத்தினேன். விட்டிருந்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு இழுத்திருப்பார். மாமாவின் மரணச் சான்றிதழைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தேன். ஒரே பிள்ளை என்று சத்தியக் கடதாசி முடித்தோம். கிராம சேவகரிடம் திரும்பவும் போனோம், அவர் இந்தத் தடவை இவருடைய கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வெங்காயம் இல்லையா என்று கேட்டார். ஒன்று மட்டும் பாக்கி. பழைய சான்றிதழின் மூலப் பிரதியை ஒப்படைக்க வேண்டும். நாளைக்கு எடுக்கிறேன், நாளைக்கு எடுக்கிறேன் என்று இவர் அதற்குக் கீழேயே உட்கார்ந்து வியாபாரம் செய்தார். கடைசியில் ஒரு நாள், நான் வந்து ஏணி வைத்து ஏறவா, சந்தி முழுக்கப் பார்க்கட்டும் என்றேன். அன்று மத்தியானமே சட்டத்தோடு கழற்றி, செய்தித்தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அதே மேசை, அதே புசல்லாவைப் பிள்ளை. இந்தத் தடவை கதிரை இவருக்கு, நான் பக்கத்தில் நின்றேன். சட்டத்தைக் கழற்றித் தரச் சொன்னாள். ஹார்ட்வெயார்க்காரர் அல்லவா, சட்டைப் பையிலேயே சின்ன ஸ்க்ரூ ட்ரைவர் இருந்தது. பின்பக்கத்துச் சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். கடதாசி கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. ஊதி ஊதி, கிழியாமல் பிரித்து, இரண்டு கையாலும் நீட்டினார். பிள்ளையும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினாள். அது அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்து வருகிற காரியமில்லை.

வியாபாரப் பெயர் பழையதேதானே என்று கேட்டாள். அதேதான் என்றார். மாமாவின் பெயர் பலகையில் இருக்கும், அதை யாரும் எடுக்கப் போவதில்லை என்று நான் இடையில் சொன்னேன். பிறகு அவள், உரிமையாளர் பெயர் என்று கேட்டாள். இவர் பழக்கத்தில் வாப்பாவின் பெயரைச் சொன்னார்.

"அவங்க இல்லைங்கய்யா. இனிமே யாரு?"

இவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மேசையில் இருந்த சின்ன ஆணிகளை விரலால் தள்ளித் தள்ளிச் சேர்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

கணவனின் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று என்னை வளர்த்தவர்கள் சொல்லித்தான் அனுப்பினார்கள். இவரைக் கூப்பிட வேண்டுமென்றால் இஞ்ச பாருங்க, ஊருக்குச் சொல்ல வேண்டுமென்றால் மகன்ட வாப்பா. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோதுகூடத் துண்டில் எழுதிக் காட்டினேனே தவிர வாய் திறக்கவில்லை. கலியாணமாகி இத்தனை வருடத்தில் அந்தப் பெயர் என் நாக்கில் ஏறியதே இல்லை.

சொன்னேன். முன்னெழுத்தோடு, முழுப் பெயரையும் சொன்னேன்.

இவர் விலுக்கென்று திரும்பி என்னைப் பார்த்தார். பிள்ளைக்கு என் குரல் எட்டவில்லை போலிருக்கிறது, பேனையைப் பிடித்தபடி, இன்னொரு தடவை சொல்லுங்கம்மா என்றாள். இந்தத் தடவை வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னேன்.